புகைபோக்கித் தீயும் கடைவீட்டுச் சமையலறையும்

புகைபோக்கிக்குள் பிடிக்கும் தீ, அடுப்பில் மூட்டிய தீ கட்டுமீறி மேலேறுவதால் மட்டும் விளைவதன்று. புகை சென்ற வழியிலேயே பல மாதங்களாகப் படிந்து, கெட்டிப்பட்டு, வெளியே தெரியாமல் கிடந்த எரிபொருள் ஒருநாள் போதிய சூடு கிடைத்தவுடன் தானே பற்றிக்கொள்வதால் விளைவது. குளிருக்குக் கணப்பு மூட்டும் நாடுகளில் இது குளிர்காலத்துக்குரிய வழக்கமான விபத்தாகவும், தீயணைப்பு வீரர்கள் தனியே பயிற்சி பெறும் ஒரு துறையாகவும் இருந்துவருகிறது. ஆண்டு முழுவதும் வெக்கை நிலவும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குக் கணப்பு அடுப்பும் இல்லை, செங்கல் புகைபோக்கியும் பெரும்பாலும் இல்லை என்பதால், இந்த அறிவு இங்கே தேவையற்றது என்று தோன்றலாம். ஆனால் பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவிலும் வரிசையாக நிற்கும் கடைவீடுகளின் பின்சந்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு, கீழ்த்தள உணவகச் சமையலறையிலிருந்து புறப்பட்டு, மக்கள் குடியிருக்கும் மேல்தளங்களை ஒட்டி ஏறி, கூரைக்கு மேல் வாய் திறக்கும் உலோகக் குழாய்கள் கண்ணில் படும். கடைக்காரர்கள் 'டக்ட்' என்று அழைக்கும் அந்தக் குழாய்தான் இந்நகரத்தின் புகைபோக்கி. அதற்குள் படிவது விறகுக் கரிக்குப் பதிலாகச் சமையல் எண்ணெய் என்பது ஒன்றே பெரிய வேறுபாடு.

கோலாலம்பூரின் கடைவீடு தீக்கு அஞ்சியே இன்றைய வடிவத்தைப் பெற்றது என்பதை இங்கே நினைவிற்கொள்வது பொருத்தம். 1881 ஜனவரியில் பரவிய பெருந்தீ, மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழும்பியிருந்த அன்றைய சிற்றூரின் பெரும்பகுதியை அழித்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த வெள்ளம் மிஞ்சியதையும் குலைத்தது. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், நகரத்தைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்டவேண்டும் என்று வற்புறுத்தினார். அதற்கு வேண்டிய செங்கல்லைச் சுடுவதற்காகக் கப்பித்தான் யாப் ஆ லோய் உள்ளிட்டோர் சூளைகள் அமைத்த நிலப்பகுதியே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. 1883இல் எச். எஃப். பெல்லமி என்பாரின் தலைமையில் சிலாங்கூர்த் தொண்டர் தீயணைப்புப் படை தொடங்கப்பட்டது. பொதுமக்கள் இன்று 'பொம்பா' என்று சுருக்கமாக அழைக்கும் மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறை தன் வரலாற்றை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது.

அவ்வாறு எழுந்த செங்கல் கடைவீடு, தீ பக்கவாட்டில் பரவாமல் தடுப்பதில் தேர்ந்த கட்டடம். இரண்டு கடைகளுக்கிடையே உள்ள பொதுச்சுவர் 200 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்புடன் இருக்கவேண்டும் என்றும், அது கூரைப்பரப்புக்கு மேலும் 230 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கவேண்டும் என்றும் 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச்சட்டங்கள் விதிப்பதும் இதே நோக்கத்தில்தான். ஆனால் தீ கீழிருந்து மேலே செல்வதற்கு உரிய தடுப்பு அதே உறுதியுடன் அமைந்துவிடுவதில்லை. பழைய கடைவீடுகளில் மேல்தளம் மரப்பலகையாலும் கூரை மரச்சட்டங்களாலும் ஆனது என்பதால், அவற்றை ஒட்டியோ துளைத்தோ மேலே செல்லும் புகைக்குழாய், 1881இன் பாடத்தைக் கற்றுக் கட்டிய சுவர்களுக்கு நடுவே தீக்கென்றே திறந்துவிட்ட ஒரு வழியாக மாறிவிடுகிறது.

புகைபோக்கித் தீயை அணைக்கும் முறைகள் விறகடுப்பு நாடுகளில் உருவானவை என்பதால் அவற்றை அங்கிருந்தே தொடங்கி விளக்கவேண்டும். விறகு முழுமையாக எரியாதபோது அதன் புகையில் தார்போன்ற ஆவிகள் மிகுதியாகக் கலந்திருக்கும். அப்புகை மேலேறும்போது புகைபோக்கியின் குளிர்ந்த உட்சுவரில் பட்டுக் குளிர்ந்து, கிரியோசோட் எனப்படும் கறுத்த பிசினாகப் படியும். ஈர விறகும், காற்றை ஒடுக்கி மந்தமாக எரியவிடும் பழக்கமும் இந்தப் படிவை விரைவாக வளர்க்கின்றன. முதலில் துலக்கினால் உதிரும் புகைக்கரியாக இருப்பது, பிறகு செதிள்களாகி, இறுதியில் கண்ணாடிபோல் மினுங்கும் கெட்டிப் பூச்சாகிவிடுகிறது. அந்நிலையில் அது செறிந்த எரிபொருளே. அடுப்பிலிருந்து எழும் ஒரு தீநாக்கு அதைத் தொட்டதும் குழாய் முழுவதும் பற்றிக்கொள்ள, உள்ளே வெப்பம் 1,000 பாகை செல்சியசைத் தாண்டிவிடக்கூடும். சூடேறிய காற்று விரைந்து மேலேற, அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து புதிய காற்று பாய்ந்துவர, தீ தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. ஆழ்ந்த உறுமல் ஒலியும் கூரைக்கு மேல் சிதறும் பொறிகளும் அடர்புகையும் இதன் அடையாளங்கள். சில தீகள் இந்த அடையாளங்கள் எதுவுமின்றி மந்தமாக எரிந்து, செங்கல் பூச்சில் விரிசலை மட்டும் விட்டுச்செல்வதும் உண்டு.

இத்தகைய தீக்குப் பெரிய குழாயால் கூரையிலிருந்து தண்ணீரைப் பாய்ச்சுவது எளிய தீர்வாகத் தோன்றினாலும், பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் அதைத் தவிர்க்கிறார்கள். ஆயிரம் பாகையில் கனன்றுகொண்டிருக்கும் சுடுமண் உட்குழாயின்மேல் குளிர்ந்த நீர் திடீரெனக் கொட்டினால் அது வெடித்துப் பிளக்கும். பிளவின் வழியே தீ சுவருக்குள்ளும் உத்தரங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டால், குழாய்க்குள் அடங்கியிருந்த தீ வீட்டுத் தீயாகிவிடும். ஆகவே தொழிலின் நுட்பம், எவ்வளவு குறைந்த நீரால் அல்லது தூளால் வேலை முடியும் என்பதில் அடங்கியிருக்கிறது. முதலில் அடுப்பின் காற்றுக் கதவுகளும் குழாயிலுள்ள தடுப்பு மடலும் மூடப்படுகின்றன. தரையில் விரிப்பு பரப்பி, எரியும் விறகை உலோக வாளிகளில் அள்ளி வெளியே கொண்டுபோகிறார்கள். பிரிட்டனில், ஒன்றோடொன்று திருகி நீட்டிக்கக்கூடிய கோல்களின் முனையில் சிறு தெளிப்பானைப் பொருத்தி, அதைக் கீழிருந்து மேலாகக் குழாய்க்குள் செலுத்தி, கைப்பம்பால் கொஞ்சம் கொஞ்சமாக நீரைத் தூவும் முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 லிட்டர் நீராவியாக விரிவதால், அந்தச் சிறுதூவலே குழாய் முழுவதையும் ஆவியால் நிரப்பி, காற்றை வெளியே தள்ளித் தீயை மூச்சடைக்க வைக்கிறது. அமெரிக்காவின் பல படைகளில், உலர்ந்த அணைப்புத்தூள் நிரப்பிய சிறிய பிளாஸ்டிக் பைகளைக் கூரையிலிருந்து குழாய்க்குள் போடுகிறார்கள். பை வெப்பத்தில் உருகித் தூள் பரவ, எழும் காற்றோட்டமே அதைக் குழாயெங்கும் கொண்டுசெல்கிறது.

இவை நடக்கும்போதே வேறொரு குழு, குழாய் கடந்துசெல்லும் ஒவ்வோர் அறையிலும் பரணிலும் சுவரைத் தொட்டுப் பார்த்தும், வெப்ப வேறுபாட்டைத் திரையில் காட்டும் வெப்பப் படக்கருவியைக் கொண்டும் தீ கசிந்திருக்கிறதா என்று தேடுகிறது. கண்ணுக்குத் தெரியும் தீயை அணைப்பதைவிட இந்தத் தேடலே முதன்மையானது என்று சொல்வதற்கு இடமுண்டு. குழாய்த் தீ அணைந்துவிட்டது என்று நம்பிப் படை திரும்பிய பிறகு, சுவருக்குள் கனன்றுகொண்டிருந்த ஒரு மரக்கட்டையால் வீடு எரிவதே இத்துறையின் மிக வருத்தமான தோல்வி.

கடைவீட்டின் எண்ணெய்க் குழாய்க்கு இம்முறைகளை அப்படியே கொண்டுவர முடியாது என்பதற்கு, எரிபொருளும் குழாயும் வேறாக இருப்பதே காரணம். ரொட்டி சானாய்க் கல்லிலும், மீ கோரேங் புரட்டும் குவாலியிலும், கோழி பொரிக்கும் சட்டியிலும் சூடாகும் எண்ணெயின் ஒரு பகுதி நுண்துளிகளாகவும் ஆவியாகவும் எழுந்து, அடுப்புக்கு மேலுள்ள உலோகக் கூண்டுக்குள் இழுக்கப்படுகிறது. அங்கே சாய்வாகச் செருகப்பட்டுள்ள தடுப்புத்தகடு வடிகட்டிகளில் மோதிப் பெருந்துளிகள் வழிந்துவிட, தப்பியவை குழாய்க்குள் சென்று குளிர்ந்து படிகின்றன. மாவுத்துகளும் மசாலைத் தூளும் அதனுடன் சேர்ந்து, பழுப்பு நிறத்தில் பிசுபிசுக்கும் ஒரு பூச்சு உருவாகிறது. குழாயின் வளைவுகளிலும், படுக்கையாகச் செல்லும் பகுதிகளிலும், உச்சியில் சுழலும் எக்ஸாஸ்ட் விசிறியின் இதழ்களிலும் அது மிகுதியாகத் தேங்கும்.

கிரியோசோட் பெரும்பாலும் படிந்த இடத்திலேயே எரிகிறது. எண்ணெய்ப் பூச்சோ சூட்டில் இளகி, எரிந்துகொண்டே கீழ்நோக்கி வழிந்து, அணைத்துவிட்டதாக நினைத்த அடுப்பின்மேல் மீண்டும் சொட்டும். தகட்டின் இணைப்பு சரியாக ஒட்டப்படாமலிருந்தால் அந்தக் கீறல் வழியே பொய்க்கூரைக்குமேல் ஒழுகி அங்கேயும் தீ வைக்கும். இதனால்தான், வணிகச் சமையலறைப் புகைவழிகளுக்கு உலகில் பலரும் எடுத்தாளும் அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 96ஆம் எண் தரநிலை, குழாயின் கார்பன் எஃகுத் தகடு 1.37 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்றும், இணைப்புகள் அனைத்தும் நீர்மம் கசியாதவாறு வெளிப்புறத்தில் தொடர்ச்சியாகப் பற்றவைக்கப்படவேண்டும் என்றும், எரியக்கூடிய பொருள்களிலிருந்து 18 அங்குலம், அதாவது சுமார் 46 சென்டிமீட்டர், விலகியிருக்கவேண்டும் என்றும் கேட்கிறது. குளிர்சாதனக் காற்றுக்குச் செய்யும் மெல்லிய தகரக் குழாயை மடித்து, ஆணியடித்துச் சமையல் புகைக்குப் பொருத்துவது, செலவு குறைவு என்பதைத் தவிர வேறெந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாத செயல். மரச்சட்டம் ஒன்று சூடான தகட்டை ஒட்டியே ஆண்டுக்கணக்கில் இருந்தால், அது மெல்ல மெல்லக் கருகி, புதிய மரம் பற்றும் வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடுகிறது என்பதும் அந்த இடைவெளியின் தேவையை விளக்கும்.

தந்தூரி அடுப்பும், கரியடுப்பில் மண்சட்டி வைத்துப் பாக்குத் தே கொதிக்கவிடும் கிள்ளானின் பழைய கடைகளும் தனிக்கவனத்துக்குரியவை. கரியும் விறகும் எரியும்போது பொறிகள் புகையுடன் மேலே போகின்றன. அந்தக் குழாயிலேயே பொரியல் அடுப்பின் எண்ணெய்ப் புகையும் கலந்தால், எரிபொருளையும் அதைப் பற்றவைக்கும் பொறியையும் ஒரே வழியில் அனுப்புவதாகிவிடும். திட எரிபொருள் அடுப்புக்குத் தனிப் புகைவழி வேண்டும் என்று மேற்சொன்ன தரநிலை கண்டிப்புடன் கூறுவது இதனால்தான்.

இனி, தீ பிடித்தால் செய்யவேண்டியதைப் பார்க்கலாம். குழாய்த் தீ பெரும்பாலும் அடுப்பில் தொடங்குவதால், அதை வெல்லும் முதல் இடமும் அடுப்பே. செம்பனை எண்ணெய் சுமார் 230 பாகையில் புகையத் தொடங்குகிறது. கவனிப்பாரின்றி மேலும் 100 பாகைக்கு மேல் சூடேறினால், தீக்குச்சியே தேவையின்றித் தானாகப் பற்றிக்கொள்ளும் எல்லையை நெருங்குகிறது. அந்நிலையில் தண்ணீர் ஊற்றினால், எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் இறங்கி, அங்கேயே நீராவியாக வெடித்து, எரியும் எண்ணெயைத் தூக்கி நேராகப் புகைக்கூண்டுக்குள் எறிகிறது. அடுப்போடு முடிந்திருக்கவேண்டிய தீ, இந்த ஒரு செயலால் புகைபோக்கித் தீயாகிவிடுகிறது. எரிவாயுவை அடைத்து, இறுக்கமான மூடியால் சட்டியை மூடி, எண்ணெய் ஆறும்வரை திறக்காமலிருப்பதே வீட்டுக்கும் கடைக்கும் பொதுவான முதல் பாடம். மூடியைத் திறந்து பார்க்கும் ஆவல் பலரைச் சுட்டிருக்கிறது. எண்ணெயின் சூடு இறங்குமுன் காற்று பட்டால் தீ மீண்டும் எழும்.

மலேசியக் கடைகளில் பரவலாகக் காணப்படும் சிவப்பு நிறத் தீயணைப்புக் கருவியில் இருப்பது பெரும்பாலும் ஏபிசி வகைத் தூள். அது சுடரை உடனே தட்டியணைத்துவிடும் என்றாலும் எண்ணெயைக் குளிர்விப்பதில்லை. சூடு குறையாத எண்ணெய் சற்று நேரத்தில் திரும்பவும் பற்றக்கூடும். சமையல் எண்ணெய்த் தீயை ஐரோப்பிய வகைப்பாட்டில் எஃப் வகுப்பு என்றும் அமெரிக்காவில் கே வகுப்பு என்றும் தனியே பிரித்து, அதற்கென ஈர வேதிக் கரைசல் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். பொட்டாசியம் அசிடேட், பொட்டாசியம் சிட்ரேட், பொட்டாசியம் கார்பனேட் போன்ற உப்புகள் கரைந்த இந்நீர்மம் நுண்துளிகளாகச் சூடான எண்ணெயின்மேல் விழும்போது, காரமும் கொழுப்பும் வினைபுரிந்து மேற்பரப்பில் சோப்பு நுரையாகின்றன. நுரை காற்றை மறைக்க, கரைசலின் நீர் வெப்பத்தை உறிஞ்ச, தீ திரும்பி எழுவதில்லை. விலங்குக் கொழுப்பின் இடத்தைத் தாவர எண்ணெய் பிடித்து, பொரிப்புச் சட்டிகளும் சூட்டை நெடுநேரம் தேக்கிவைக்கும்படி மேம்பட்ட பிறகு, பழைய தூள் அமைப்புகள் போதாமற் போயின. 1994 நவம்பரில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த யூஎல் 300 என்னும் கடுமையான சோதனைத் தரம் ஈர வேதி அமைப்பைப் பொதுவழக்காக்கியது.

பெரிய உணவகங்களில் இக்கரைசல், கூண்டுக்குள் நிலையாகப் பொருத்திய குழல்களில் காத்திருக்கிறது. குறிப்பிட்ட வெப்பத்தில் உருகி அறுந்துபோகும் ஓர் உலோக இணைப்பு, அல்லது வெளியேறும் வழியில் சுவரில் பதித்த இழுபிடி, அமைப்பை இயக்குகிறது. அதே நொடியில் எரிவாயு தானாக அடைபட, கரைசல் அடுப்புகளின்மேலும், வடிகட்டிக்குப் பின்னுள்ள அறையிலும், குழாயின் வாயிலும் பீறிடுகிறது. குழாயின் வாய்க்கும் ஒரு தெளிப்பு முனை ஒதுக்கியிருப்பது, தீ எங்கே ஓட முயலும் என்பதை அமைப்பை வகுத்தவர்கள் முன்கூட்டியே அறிந்திருந்ததைக் காட்டுகிறது. இழுபிடி எங்கே இருக்கிறது, எப்படி இழுப்பது என்பது புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவியாளுக்கும் தெரியாவிட்டால், அந்த முதலீடு முழுவதும் வீண்.

எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்துவதா, ஓடவிடுவதா என்ற கேள்வி சமையலறையில் குழப்பத்தை உண்டாக்கும் கேள்வி. அதற்கு எல்லாக் கடைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஓடும் விசிறி குழாய்க்குள் காற்றை இழுத்துத் தீயை ஊதிவிடுகிறது. நின்றால் புகையும் வெப்பமும் சமையலறைக்குள்ளேயே திரும்பி, வெளியேறிக்கொண்டிருப்பவரின் கண்ணை மறைக்கின்றன. நிலையான ஈர வேதி அமைப்புகள் பல, விசிறி ஓடும் நிலையிலேயே சோதிக்கப்பட்டவை. விசிறியின் இழுப்பு கரைசலைக் குழாய்க்குள் கொண்டுசெல்ல உதவுகிறது. ஆகவே அமைப்பு இயங்கும்போது வெளியிலிருந்து காற்றை உள்ளே தள்ளும் விசிறி நிற்கவேண்டும், புகையை வெளியே இழுக்கும் விசிறி ஓடவேண்டும் என்பது அமெரிக்கத் தரநிலையின் பொதுவிதி. அமைப்பு எதுவுமே இல்லாத சிறுகடையில், குழாய்க்குள் ஏறிவிட்ட தீக்கு விசிறி துருத்தியாகவே பயன்படும். தன் கடைக்கு எது பொருந்தும் என்பதை அமைப்பைப் பொருத்தியவரிடமும் பொம்பா அதிகாரிகளிடமும் முன்பே கேட்டு, விசையின் அருகில் தமிழிலோ மலாயிலோ பணியாளர்கள் படிக்கும் மொழியிலோ எழுதி ஒட்டிவைப்பது உரிமையாளரின் கடமை. தீ பிடித்த பிறகு அந்த விவாதத்துக்கு நேரமிருக்காது.

குழாய்க்குள் தீ ஏறிவிட்டது என்று தெரிந்த கணத்தில் கடைக்காரரின் அணைப்புப் பணி முடிந்துவிட்டது. எரிவாயுத் தோம்பின் வால்வை அடைத்து, எல்லாரையும் வெளியேற்றி, 999ஐ அழைப்பதே மிச்சம். வந்துசேரும் வீரர்களின் வேலைமுறை, விறகுப் புகைபோக்கிக்குச் சொன்ன அதே ஒழுங்கில் அமைகிறது. ஒரு குழு அடுப்பையும் கூண்டையும் கவனிக்க, இன்னொரு குழு கூரையில் விசிறிப் பக்கம் செல்ல, மூன்றாவது குழு குழாய் கடக்கும் ஒவ்வொரு தளத்திலும் தீயைத் தேடுகிறது. குழாயின் பராமரிப்புக் கதவுகளைத் திறந்தால் உள்ளே புதுக்காற்று பாயும் என்பதால், அணைப்புத் தெளிப்பைக் கையில் தயாராக வைத்துக்கொண்டே திறக்கிறார்கள். மெல்லிய தகடு சூட்டில் சிவந்து நெளியும்போது, அதன் வெளிப்புறத்தில் நுண்தூவல் அடித்து அருகிலுள்ள மரத்தைக் காப்பதும் உண்டு. பின்சந்தில் குவிந்த தோம்புகளும் மேசைகளும் நிறுத்திய வண்டிகளும் ஏணி வைக்கக்கூட இடம் விடாதபோது, இத்தனை நுட்பமும் சந்தின் முனையிலேயே முடங்கிவிடுகிறது.

மறைவிடத்தில் எரியும் எண்ணெய்த் தீ எவ்வளவு கொடியது என்பதைப் பயிற்சிக்கூடங்களுக்குக் கற்பித்த நிகழ்ச்சி 2007 ஆகஸ்ட் 29ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. வெஸ்ட் ராக்ஸ்பரி பகுதியில் டாய் ஹோ என்னும் ஒருமாடிச் சீன உணவகத்தில், எண்ணெய் படிந்த புகைவழியுடன் தொடர்புடைய தீ பொய்க்கூரைக்கு மேலுள்ள இடைவெளியில் வெகுநேரம் யாரும் அறியாமல் எரிந்து, வீரர்கள் உள்ளே நுழைந்த பின் திடீரென வெடித்துப் பரவியதில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். உணவு மண்டபத்தில் அவர்கள் கண்டது மெல்லிய புகையே. தலைக்கு மேல் பெருந்தீ இருந்தது. பழைய கடையை அலங்கரிக்கப் பொய்க்கூரை அமைத்து, அதற்கு மேல் குழாயைக் கிடையாகச் செலுத்தும் வழக்கம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் உண்டு என்பதால், உணவகத்துக்குள் ஆழமாக நுழையுமுன் பொய்க்கூரையின் ஒரு பலகையைத் தூக்கி மேலே பார்ப்பது இங்கும் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான செயலாக இருக்கக்கூடும்.

இந்த நுட்பங்கள் அனைத்தையும்விட எளியது குழாயைத் துப்புரவாக வைத்திருப்பது. தீயணைப்புக் கலையில் பாதி, எரிபொருளை அகற்றும் கலை. புகைபோக்கி விஷயத்தில் அது பாதிக்கும் மேல். சமையல் அளவைப் பொறுத்து ஆய்வுக்கும் துப்புரவுக்கும் கால இடைவெளியை அமெரிக்கத் தரநிலை வகுத்திருக்கிறது: விறகோ கரியோ எரிக்கும் அடுப்புக்கு மாதந்தோறும், 24 மணி நேரமும் இயங்கும் கடைக்கும், குவாலியில் வறுக்கும் கடைக்கும் மூன்று மாதத்துக்கொருமுறை, மிதமாகச் சமைக்கும் இடத்துக்கு ஆறு மாதத்துக்கொருமுறை. படிவின் தடிப்பு 2 மில்லிமீட்டரை எட்டினால் உலோகம் தெரியும்வரை சுரண்டிக் கழுவவேண்டும் என்பதும் அதன் அளவுகோல். விடியவிடியத் திறந்திருக்கும் மமாக் கடைகளும், நாள் முழுவதும் வாழை இலைச் சாப்பாடு பரிமாறும் உணவகங்களும் இந்தக் கணக்கில் எங்கே வருகின்றன என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை. வடிகட்டியை நாள்தோறும் கழுவி, கூண்டின் வெளிப்புறத்தைப் பளபளவென்று துடைத்துவைக்கும் கடைகளிலும் குழாயின் உட்புறம் கவனிப்பாரற்றுக் கிடப்பதற்குக் காரணம், உள்ளே பார்க்கக் கதவே வைக்கப்படாததுதான். கட்டும்போதே ஒவ்வொரு வளைவிலும் ஒரு கதவு வேண்டும். இல்லாத கதவைப் பிறகு யாரும் தேடுவதில்லை.

கழிவுநீரோடு சாக்கடைக்குப் போகும் எண்ணெயைப் பிடிக்க, உணவகங்கள் எண்ணெய்ப் பொறி வைக்கவேண்டும் என்று கோலாலம்பூர் மாநகர் மன்றமும் பிற ஊராட்சி மன்றங்களும் கேட்கின்றன. அதைப் பார்க்க ஆய்வாளர்களும் வருகிறார்கள். கீழே போகும் எண்ணெய் நாறுவதால் ஊருக்குத் தெரிகிறது. மேலே போகும் எண்ணெய்க்கும் அதே அளவு கண்டிப்பான ஆய்வு வேண்டும் என்பதும், குழாய்த் துப்புரவின் தேதியும் செய்தவரின் பெயரும் கூண்டின்மேல் ஒட்டப்பட்டு, உரிமம் புதுப்பிக்கும்போது கேட்கப்படவேண்டும் என்பதும் மிகையான கோரிக்கைகள் அல்ல.

ஏனெனில் அந்தக் குழாயின் மறுபக்கத்தில் மனிதர்கள் உறங்குகிறார்கள். கடைவீட்டின் மேல்தளத்தில் குடும்பங்களும், பல இடங்களில் உணவகத்தின் பணியாளர்களும் தங்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் பலர் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. இரவு அடுப்பை அணைத்துப் படுத்த பிறகும் குழாய்க்குள் கனன்றுகொண்டிருக்கும் படிவு, நள்ளிரவில் பற்றினால் முதலில் புகை சேர்வது அவர்கள் அறையில். திருட்டுக்கு அஞ்சிச் சன்னல்களுக்கும் வாசலுக்கும் இரும்புக் கம்பிக்கதவு பொருத்திப் பூட்டுவது மலேசிய வீடுகளில் ஏறக்குறைய பொதுவிதி. பூட்டின் சாவி எங்கே என்று இருட்டில் தேடும் சில நிமிடங்களே பலரின் உயிரைக் குடித்திருக்கின்றன. குறைந்தது ஒரு கம்பிக்கதவாவது உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும்படி அமையவேண்டும். குழாய் ஒட்டிச்செல்லும் அறையில் மின்கலத்தால் இயங்கும் ஒரு புகை உணர்கருவி இருக்கவேண்டும். குழாயைச் சுற்றியுள்ள சுவர்த்துளை தீ தாங்கும் பொருளால் அடைக்கப்பட்டிருக்கவேண்டும். வாடகை வாங்குபவரும் கடை நடத்துபவரும் வேறுவேறு ஆள்களாக இருக்கும்போது இந்த மூன்றும் யார் பொறுப்பு என்பது வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதப்படுவது நல்லது.

அடுக்குமாடி வீட்டின் சிறு சமையலறையிலும் இதே விதிகள் சிறிய அளவில் பொருந்துகின்றன. அடுப்புக்கு மேலுள்ள புகை உறிஞ்சியின் வலை வடிகட்டியைக் கழற்றிச் சூடான சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவுவது எல்லாராலும் முடியும். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் தொடர்ந்து பொரிக்கும் நாள்களுக்கு முன் அதைச் செய்துவிடவேண்டும். பால்கனிப் பக்கம் போகும் நெளிகுழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் உலோகக் குழாயாக மாற்றுவது, செலவைக் கருதித் தள்ளிப்போடக்கூடாத வேலை.

தீ அணைந்த பிறகு, மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு அடுப்பை மூட்டிவிட வேண்டும் என்ற அவசரம் கடைக்காரருக்கு இருப்பது இயல்பு. ஆனால் ஒருமுறை தீ கண்ட குழாயின் பற்றவைப்பு இணைப்புகள் நெளிந்து திறந்திருக்கும். விசிறியின் மின்கம்பி உருகியிருக்கும். அருகிலுள்ள உத்தரம் உள்ளுக்குள் கருகியிருக்கக்கூடும். குழாயை முழு நீளத்துக்கும் திறந்து பார்த்து, கருகிய மரத்தை வெட்டியெடுத்து, அணைப்பு அமைப்பில் கரைசலை மீண்டும் நிரப்பிச் சோதித்து, ஆய்வுக்கு வந்தவர் எழுத்தில் ஒப்புதல் தரும்வரை அந்த அடுப்பின்கீழ் எரிவாயுவைத் திறக்கக்கூடாது.